காசிமேட்டு முட்டி வலியும் கிண்டி ஆய்வகமும்: எலும்பைத் தாங்கும் ‘முப்புரிக் கயிறை’ கண்டுபிடித்த ஜி.என்.ராமச்சந்திரன் யார்?

விடிகாலை 3 மணிக்கே காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் வேலை சூடுபிடித்துவிடும். படகிலிருந்து மீன் கூடை இறங்கும், ஐஸ் பெட்டி ஏறும், நனைந்த வலையை நாலைந்து பேர் சேர்ந்து இழுப்பார்கள். 20 வருஷம் இந்த வேலை பார்த்தவர்களிடம் உடம்பு எப்படி இருக்கு என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். முட்டி ஜவ்வு தேய்ஞ்சு போச்சு, தோள்பட்டை தூக்க முடியல, இடுப்பு பிடிச்சுக்குது.

ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் என வடசென்னை முழுக்க இதுதான் நிலைமை. துறைமுகச் சுமை, தொழிற்சாலை ஷிஃப்ட், லாரி ஓட்டம் என எல்லாமே உடம்பை நம்பிய பிழைப்பு. அந்த உடம்பில் முதலில் தேய்வது மூட்டும் ஜவ்வும்தான்.

இந்த ஜவ்வு, எலும்பு, தசைநாண் எல்லாவற்றுக்கும் அடிப்படையாக இருப்பது கொலாஜன் என்ற ஒரே புரதக் குடும்பம். அது எப்படிப் பின்னப்பட்டிருக்கிறது என்பது 1950-களின் தொடக்கம் வரை உலகத்தில் யாருக்கும் சரியாகத் தெரியாது. அந்த முடிச்சை அவிழ்த்தது கேம்பிரிட்ஜும் இல்லை, கலிஃபோர்னியாவும் இல்லை. ராயபுரத்திலிருந்து பஸ்ஸில் போய்விடக்கூடிய கிண்டியில், சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஓர் ஆய்வகம்.

அந்த ஆய்வகத்தை நடத்தியவர் ஜி.என்.ராமச்சந்திரன். அவர் எப்படி இதைச் சாதித்தார்? அவருக்குப் பணமும் கருவியும் கொடுத்தது யார்? பிறகு ஏன் அவர் சென்னையை விட்டே போனார்?

யார் இந்த ஜி.என்.ராமச்சந்திரன்?

முழுப் பெயர் கோபாலசமுத்திரம் நாராயண ராமச்சந்திரன். கோபாலசமுத்திரம் என்பது திருநெல்வேலி மாவட்டத்தில் உள்ள பூர்வீக ஊர். ஆனால் அவர் பிறந்தது எர்ணாகுளத்தில், 1922 அக்டோபர் 8-ம் தேதி. அப்பா நாராயண ஐயர், எர்ணாகுளம் மகாராஜா கல்லூரியில் கணிதப் பேராசிரியர். வீட்டிலேயே கணக்கு வாத்தியார் இருந்ததால் பையனுக்கு எண்கள் மீது சின்ன வயதிலேயே பிடிப்பு வந்துவிட்டது.

திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியல் ஆனர்ஸ் படித்தார். 1942-ல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் சேர்ந்தார். சேர்ந்தது மின்பொறியியல் துறையில்! ஆனால் அங்கே இருந்த சர் சி.வி.ராமனின் கண்ணில் இந்த மாணவர் பட்டுவிட்டார். ராமன் அவரைத் தன் இயற்பியல் துறைக்கே இழுத்துக்கொண்டார்.

ராமனிடம் ஒளியியலும் படிக இயற்பியலும் கற்றார். வைரத்தின் மீது எக்ஸ்-ரே கதிரைச் செலுத்தி அதன் உள் அமைப்பைப் படிப்பது போன்ற வேலைகள். பிறகு 1947 முதல் 1949 வரை கேம்பிரிட்ஜின் கேவண்டிஷ் ஆய்வகத்தில் ஊஸ்டர் என்ற படிகவியல் அறிஞரின் கீழ் ஆய்வு செய்து இன்னொரு முனைவர் பட்டம் பெற்றார். அந்தச் சமயத்தில்தான் அமெரிக்க வேதியியலாளர் லைனஸ் பாலிங் கேம்பிரிட்ஜ் வந்து பேசியதைக் கேட்டார். பெரிய மூலக்கூறுகளின் வடிவத்தைக் கணக்குப் போட்டே கண்டுபிடிக்கலாம் என்ற எண்ணம் மனதில் தங்கிவிட்டது.

1949-ல் பெங்களூரு திரும்பினார். மூன்று வருஷத்தில் சென்னையிலிருந்து அழைப்பு வந்தது.

சென்னைக்குக் கூப்பிட்டது யார்?

இந்தக் கதையில் ராமச்சந்திரனுக்கு இணையான இன்னொரு முக்கிய ஆள் உண்டு. டாக்டர் ஆற்காடு லட்சுமணசுவாமி முதலியார். மகப்பேறு மருத்துவர், சென்னை மருத்துவக் கல்லூரியின் முதல்வராக இருந்தவர். 1942 முதல் 1969 வரை, மொத்தம் 27 வருஷம் சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர். ராயபுரத்தை ஒட்டி இருக்கும் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியும் அன்றைக்கு இந்தப் பல்கலைக்கழகத்தின் கீழ்தான் இருந்தது.

கிண்டி வளாகத்தில் புதிதாக ஓர் இயற்பியல் துறையை உருவாக்க முதலியார் நினைத்தார். அதற்குத் தலைமை ஏற்க முதலில் அழைத்தது சி.வி.ராமனை. ராமன் வரவில்லை. தனக்குப் பதிலாக தன் மாணவர் ராமச்சந்திரனைப் பரிந்துரைத்தார். அப்போது ராமச்சந்திரனுக்கு 30 வயதுகூட நிறையவில்லை.

அவ்வளவு சின்ன வயது ஆளைத் துறைத்தலைவராக ஆக்குவது இன்றைக்கே யோசிக்க வைக்கும் விஷயம். முதலியார் யோசிக்கவில்லை. 1952-ல் ராமச்சந்திரன் பேராசிரியராகவும் துறைத்தலைவராகவும் சென்னைக்கு வந்தார்.

வந்தவருக்குக் கிடைத்தது வெறும் நாற்காலி மட்டும் இல்லை. எந்தத் தலைப்பில் ஆய்வு செய்வது என்பதை அவரே முடிவு செய்யலாம். எக்ஸ்-ரே படிகவியல் ஆய்வகம் அமைக்கத் தேவையான பணத்துக்கும் கருவிகளுக்கும் துணைவேந்தர் துணை நின்றார். மாணவர்களைத் தேர்ந்தெடுக்கவும் சுதந்திரம் இருந்தது.

ஆய்வு ஆதரவு என்று இன்றைக்குப் பல்கலைக்கழகங்களில் தனிப் பிரிவே வைக்கிறார்கள். மானியத்துக்கு விண்ணப்பம் எழுத உதவுவது, கருவி வாங்கித் தருவது, மாதிரிகள் ஏற்பாடு செய்வது, வேறு நிறுவனங்களோடு இணைத்துவிடுவது எல்லாம் அதன் வேலை. 1952-ல் சென்னையில் அப்படி ஒரு அலுவலகம் பெயரளவில்கூட இருந்திருக்காது. ஆனால் அந்த வேலைகள் நடந்தன. நடத்தி வைத்தவர் ஒரு துணைவேந்தர்.

கங்காரு வால் கிண்டிக்கு வந்தது எப்படி?

ஆய்வகம் ரெடி. எதை ஆராய்வது?

அந்த நேரத்தில் பிரிட்டிஷ் விஞ்ஞானி ஜே.டி.பெர்னால் சென்னைக்கு வந்தார். எக்ஸ்-ரே மூலம் உயிர் மூலக்கூறுகளைப் படிப்பதில் முன்னோடி அவர். பேச்சுவாக்கில், கொலாஜன் புரதத்தின் அமைப்பு இன்னும் யாருக்கும் பிடிபடவில்லை, இதுவரை சொல்லப்பட்ட மாதிரிகள் எதுவும் திருப்தியாக இல்லை என்று குறிப்பிட்டார். ராமச்சந்திரனுக்கு அந்த ஒரு பொறி போதுமானதாக இருந்தது.

அது சும்மா எடுத்துக்கொள்ளும் கேள்வி இல்லை. 1951-ல் லைனஸ் பாலிங்கே கொலாஜனுக்கு ஓர் அமைப்பை வெளியிட்டு, அது தவறாகப் போயிருந்தது. புரதங்களின் ஆல்ஃபா சுருளைச் சரியாகச் சொன்ன அதே பாலிங்!

அடுத்த கேள்வி: சுத்தமான கொலாஜனுக்கு எங்கே போவது?

இங்கேதான் சென்னையின் அதிர்ஷ்டம் வேலை செய்தது. தோல் என்பதே பெரும்பாலும் கொலாஜன்தான். தோல் பதனிடுதல் என்றால் அந்தக் கொலாஜன் இழைகள் அழுகாமல் ஒன்றோடொன்று பிணைந்து நிற்கச் செய்வது. தோல் தொழிலுக்குப் பேர்போன மாகாணம் என்பதால் 1948-ல் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் அடையாற்றில் தொடங்கப்பட்டிருந்தது. பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்துக்கு அது கிட்டத்தட்ட பக்கத்து வீடு.

ராமச்சந்திரன் அங்கே போய் நூலகத்தில் கொலாஜன் பற்றிக் கிடைத்ததை எல்லாம் படித்தார். அங்கிருந்துதான் ஆய்வுக்கான மாதிரியும் கிடைத்தது. கங்காரு வாலின் தசைநாண்! கங்காருவின் வால் தசைநாணில் கொலாஜன் இழைகள் நேராக, ஒரே வரிசையில் அடுக்கப்பட்டிருக்கும். அதனால் எக்ஸ்-ரே படம் தெளிவாக விழும்.

ஒரு பல்கலைக்கழகம், பக்கத்தில் ஒரு தொழில்துறை ஆய்வு நிறுவனம், இரண்டுக்கும் நடுவில் தடை இல்லாத நடைபாதை. பெரிய கண்டுபிடிப்புக்கு இந்த அக்கம்பக்க உறவு எவ்வளவு முக்கியம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கஷ்டம்.

அது என்ன முப்புரிக் கயிறு?

ராமச்சந்திரனோடு சேர்ந்து உழைத்தவர் கோபிநாத் கர்த்தா. இருவர் கையிலும் இருந்தவை இரண்டு துப்புகள். ஒன்று, எக்ஸ்-ரே படம். இன்னொன்று, கொலாஜனின் வேதியியல் கணக்கு.

புரதம் என்பது அமினோ அமிலங்கள் மணி மணியாகக் கோத்த சரம். கொலாஜனில் மூன்றில் ஒரு பங்கு கிளைசின் என்ற ஒரே அமினோ அமிலம். எல்லா அமினோ அமிலங்களிலும் மிகச் சின்னது அதுதான். எந்த விலங்கின் கொலாஜனை எடுத்தாலும் இந்தக் கணக்கு கிட்டத்தட்ட மாறவில்லை. இது தற்செயலாக இருக்க முடியாது என்பது ராமச்சந்திரனின் எண்ணம்.

அவர் போட்ட கணக்கு இதுதான். மூன்று சரங்கள் சேர்ந்து முறுக்கப்பட்டிருந்தால் நடுவில் மிகக் குறுகலான இடம்தான் இருக்கும். அந்த இடத்தில் பெரிய அமினோ அமிலம் நுழையாது, கிளைசின் மட்டும்தான் நுழையும். ஒவ்வொரு சரத்திலும் மூன்றாவது மணிதோறும் கிளைசின் வந்து, அது எப்போதும் உள்பக்கம் பார்த்தபடி இருந்தால் எல்லாம் பொருந்திவிடும்.

காசிமேட்டில் படகு கட்டும் கயிற்றைப் பார்த்திருக்கிறீர்களா? மூன்று புரிகளை முறுக்கித்தான் அதைத் திரித்திருப்பார்கள். கொலாஜனும் அதே மாதிரிதான். மூன்று சரங்கள் சேர்ந்த முப்புரிக் கயிறு. விஞ்ஞானிகள் இதை டிரிபிள் ஹெலிக்ஸ் என்கிறார்கள்.

1954 ஆகஸ்ட் 7-ம் தேதி நேச்சர் இதழில் ராமச்சந்திரனும் கர்த்தாவும் இதை வெளியிட்டார்கள். டி.என்.ஏ-வின் இரட்டைச் சுருள் அமைப்பு அதே இதழில் வெளியாகி அப்போது ஒன்றரை வருஷம்கூட ஆகவில்லை.

முதல் மாதிரியில் மூன்று சரங்களும் பக்கம் பக்கமாக நேராக நின்றன. அது முழுசாகப் பொருந்தவில்லை. 1955 செப்டம்பரில் அதைத் திருத்தினார்கள். ஒவ்வொரு சரமும் தனக்குள் ஒரு பக்கம் முறுக்கிக்கொண்டு, மூன்றும் சேர்ந்து எதிர்ப்பக்கம் முறுக்கிக்கொள்ளும். நிலா பூமியைச் சுற்றினாலும் எப்போதும் ஒரே முகத்தைக் காட்டுவது போல, எத்தனை முறுக்கு விழுந்தாலும் கிளைசின் நடுவை நோக்கியே இருக்கும்.

கயிறு திரிப்பவர்களுக்கு இது புதிதில்லை. புரியை ஒரு பக்கமும் கயிற்றை மறுபக்கமும் முறுக்கினால்தான் இழுத்தாலும் பிரியாது. நம் தசைநாணும் அதே காரணத்தால்தான் வலை இழுக்கும்போது அறுந்து போவதில்லை.

கேம்பிரிட்ஜுடன் மோதல் ஏன் வந்தது?

1955-ல்தான் பிரச்சினையும் வந்தது. டி.என்.ஏ புகழ் ஃபிரான்சிஸ் கிரிக்கும் அலெக்சாண்டர் ரிச்சும் கேம்பிரிட்ஜிலிருந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மூன்று சரம், சுருளுக்குள் சுருள் என்ற அடிப்படை அதே. ஆனால் சென்னை மாதிரியில் சில அணுக்கள் ஒன்றோடொன்று ரொம்ப நெருக்கமாக இருக்கின்றன, சரங்களைப் பிணைக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகள் இரண்டு இருக்க முடியாது, ஒன்றுதான் சாத்தியம் என்பது அவர்களின் வாதம்.

ராமச்சந்திரனுக்கு இது பெரிய அடி. அடிப்படை யோசனை சென்னையிலிருந்து போனது. ஆனால் உலகப் பாடப்புத்தகங்களில் கேம்பிரிட்ஜ் பெயரும் சேர்ந்தே நிற்கத் தொடங்கியது. பிணைப்பு எண்ணிக்கை பற்றிய சர்ச்சை வருஷக்கணக்கில் இழுத்தது.

யார் சொன்னது சரி? நேரடிப் பிணைப்பு ஒன்று என்பதில் கிரிக் தரப்புக்கே வெற்றி. அதே சமயம், தண்ணீர் மூலக்கூறுகள் பாலம் போல நின்று சரங்களை மேலும் பிணைக்கலாம் என்று ராமச்சந்திரன் 1960-களில் சொல்லியிருந்தார். 1994-ல் கொலாஜன் போன்ற ஒரு சிறு மூலக்கூறின் படிகத்தை அணு அளவில் பார்த்தபோது, மூன்று சரம் உறுதியானது, தண்ணீர்ப் பாலங்களும் அங்கே இருந்தன.

விமர்சனத்திலிருந்து வந்த வரைபடம்

அணுக்கள் ரொம்ப நெருக்கம் என்ற அந்தக் குற்றச்சாட்டை ராமச்சந்திரன் விடவில்லை. சரி, எவ்வளவு நெருக்கம் என்றால் ரொம்ப நெருக்கம்? இதற்கு யாரிடமும் உறுதியான அளவுகோல் இல்லை என்பதைக் கவனித்தார்.

வி.சசிசேகரன், சி.ராமகிருஷ்ணன் ஆகிய மாணவர்களோடு சேர்ந்து, அதுவரை அறியப்பட்ட படிக அமைப்புகளை எல்லாம் அலசினார். எந்த இரண்டு அணுக்கள் எவ்வளவு கிட்டே வரலாம் என்று பட்டியல் போட்டார். புரதச் சரத்தில் ஒவ்வொரு மணிக்கும் இரண்டு திருப்பக் கோணங்கள்தான் முக்கியம். அந்த இரண்டு கோணங்களையும் கட்டம் போட்ட தாளில் குறுக்கும் நெடுக்குமாக வைத்து, எங்கே அணுக்கள் மோதும், எங்கே மோதாது என்று மேசைக் கணக்கு இயந்திரங்களை வைத்தே கணக்கிட்டார்கள். இன்றைய கம்ப்யூட்டர் வசதி எதுவும் கிடையாது.

பெரும்பாலான இடங்கள் தடை செய்யப்பட்ட பகுதிகள். சில தீவுகள் மட்டும்தான் அனுமதிக்கப்பட்டவை. 1963-ல் வெளியான இதுதான் உலகம் முழுக்க ராமச்சந்திரன் வரைபடம் என்று அழைக்கப்படுகிறது.

இன்றைக்கு உலகில் எந்த ஆய்வகம் ஒரு புரதத்தின் அமைப்பைக் கண்டுபிடித்தாலும், அது சரியா என்று பார்க்கும் சோதனைகளில் ஒன்று இந்த வரைபடம். உலகப் புரதத் தரவு வங்கியில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட அமைப்புகள் இருக்கின்றன. செயற்கை நுண்ணறிவு கணித்துத் தரும் புரத வடிவங்களையும் இதே வரைபடத்தில் வைத்துப் பார்க்கிறார்கள். கிண்டியில் கட்டம் போட்ட தாள் இன்னும் வேலை செய்துகொண்டிருக்கிறது.

பணம் எங்கிருந்து வந்தது?

தொடக்கத்தில் பல்கலைக்கழகத்தின் சொந்த ஆதரவு. பிறகு, நாட்டின் சிறந்த துறைகளை வளர்க்க பல்கலைக்கழக மானியக் குழு உயர் ஆய்வு மையங்கள் என்ற திட்டத்தை 1960-களில் கொண்டுவந்தபோது ராமச்சந்திரனின் துறைக்கும் அந்த அந்தஸ்து கிடைத்தது. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனங்களின் மானியமும் சென்னை ஆய்வகத்துக்கு வந்தது. எலும்பு, மூட்டு, இணைப்புத் திசு நோய்களைப் புரிந்துகொள்ள கொலாஜன் ஆய்வு அவசியம் என்பது அங்கேயும் தெரிந்திருந்தது.

1963-லும் 1967-லும் முதலியாரின் முழு ஆதரவோடு சென்னையில் இரண்டு சர்வதேசக் கருத்தரங்குகள் நடந்தன. புரத ஆய்வில் அன்றைக்கு உலகின் முன்னணிப் பெயர்கள் பலவும் சென்னைக்கு வந்தன. மாணவர்கள் விமானம் ஏறாமலே உலக விஞ்ஞானிகளோடு நேருக்கு நேர் உட்கார்ந்து பேச முடிந்தது.

ராமச்சந்திரன் ஏன் சென்னையை விட்டுப் போனார்?

1969-ல் முதலியாரின் 27 வருஷத் துணைவேந்தர் பதவி முடிந்தது. அதற்குப் பிறகு சூழல் முன்போல் இல்லை என்று ராமச்சந்திரனின் வாழ்க்கையை எழுதியவர்கள் குறிப்பிடுகிறார்கள். அடுத்த ஆண்டே, 1970-ல், அவர் பல்கலைக்கழகத்தை விட்டு வெளியேறினார்.

சிறிது காலம் அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழகத்தில் இருந்தார். அப்போது பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநராக இருந்தவர் சதீஷ் தவான். அவர் அழைக்க, 1971-ல் அங்கே மூலக்கூறு உயிர் இயற்பியல் பிரிவை ராமச்சந்திரன் தொடங்கினார். சசிசேகரன், ராமகிருஷ்ணன் ஆகியோரும் பெங்களூரு போனார்கள். கர்த்தா அதற்கு முன்பே அமெரிக்கா போய்விட்டார். 1967-ல் பஃபலோ நகரில் ரிபோநியூக்ளியேஸ் என்ற நொதியின் அமைப்பைக் கண்டறிந்த குழுவில் முதல் பெயரே அவருடையதுதான்.

சென்னைத் துறை மூடப்படவில்லை. இன்றைக்கும் கிண்டியில் படிகவியல், உயிர் இயற்பியல் துறையாக அது இயங்குகிறது. ஆனால் 18 வருஷத்தில் ஒரே இடத்தில் சேர்ந்த அந்தக் கூட்டம் கலைந்தது.

இதில் ஒரு பாடம் இருக்கு. ஒரு பெரிய மனிதரின் ஆதரவில் நடக்கும் ஆய்வு, அவர் பதவி முடிந்ததும் தடுமாறும். ஆதரவு ஆள் சார்ந்து இல்லாமல் அமைப்பு சார்ந்து இருந்தால்தான் நிலைக்கும். இன்றைக்கு மானியக் குழு, அறிவியல் தொழில்நுட்பத் துறை, உயிரித் தொழில்நுட்பத் துறை, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் எனப் பல வழிகள் இருக்கின்றன. 2023-ல் அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைக்கென தனிச் சட்டமே வந்தது. மாநிலப் பல்கலைக்கழகங்களுக்கும் ஆய்வுப் பணம் போய்ச் சேர வேண்டும் என்பது அதன் நோக்கங்களில் ஒன்று. ராமச்சந்திரன் சாதித்தது அப்படி ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில்தான் என்பதை இங்கே நினைவில் வைக்கலாம்.

சி.டி. ஸ்கேனிலும் அவர் பங்கு

1971-ல் ஏ.வி.லட்சுமிநாராயணனோடு சேர்ந்து இன்னொரு கட்டுரை எழுதினார். பல கோணங்களில் எடுத்த எக்ஸ்-ரே நிழல்களிலிருந்து உள்ளே இருக்கும் உருவத்தை வேகமாகவும் துல்லியமாகவும் மீட்டெடுப்பது எப்படி என்ற கணக்கு அது. அதே 1971-ல்தான் லண்டனில் முதல் நோயாளிக்கு சி.டி. ஸ்கேன் எடுக்கப்பட்டது. ராமச்சந்திரன் சொன்ன வகைக் கணக்குமுறை பின்னர் ஸ்கேன் இயந்திரங்களில் பரவலாகப் பயன்பட்டது.

சி.டி. ஸ்கேனுக்கான நோபல் 1979-ல் கார்மாக், ஹவுன்ஸ்ஃபீல்டு இருவருக்கும் கிடைத்தது. ராமச்சந்திரனுக்கு எந்தக் கண்டுபிடிப்புக்கும் நோபல் வரவில்லை. வந்திருக்க வேண்டும் என்று எழுதிய விஞ்ஞானிகள் நிறைய பேர். 1961-ல் சாந்தி ஸ்வரூப் பட்நாகர் விருது, 1977-ல் லண்டன் ராயல் சொசைட்டி உறுப்பினர் பதவி, 1999-ல் சர்வதேசப் படிகவியல் ஒன்றியத்தின் எவால்டு பரிசு ஆகியவை அவருக்குக் கிடைத்தன.

கடைசி வருஷங்கள் சுலபமாக இல்லை. பக்கவாதமும் பார்க்கின்சன் நோயும் அவரை முடக்கின. 1945-ல் கைப்பிடித்த மனைவி ராஜலட்சுமி 1998-ல் காலமானார். உடம்பின் அசைவுக்கு ஆதாரமான புரதத்தை விளக்கியவரின் சொந்த உடம்பே அசைய மறுத்தது. 2001 ஏப்ரல் 7-ம் தேதி அவர் சென்னையில் காலமானார். அவருடைய மகன் ரமேஷ் நாராயண், ஹார்வர்டில் கருந்துளைகளை ஆராயும் விண்ணியற்பியலாளர்.

சரி, இதனால் நமக்கு என்ன?

கொலாஜன் நம் உடம்புப் புரதத்தில் சுமார் 30 சதவீதம். எலும்பு என்றாலே சுண்ணாம்புச் சத்து என்றுதான் பலரும் நினைக்கிறோம். உண்மையில் கொலாஜன் கயிறுகள் கம்பி மாதிரி, சுண்ணாம்புச் சத்து சிமென்ட் மாதிரி. கம்பி இல்லாத கான்கிரீட் பொசுக்கென்று உடையும்.

சில குழந்தைகளுக்குச் சின்ன அடியிலேயே எலும்பு முறியும் பிறவிக் குறைபாடு உண்டு. பலருக்கும் அதன் காரணம், கொலாஜன் சரத்தில் கிளைசின் இருக்க வேண்டிய ஓர் இடத்தில் வேறு பெரிய அமினோ அமிலம் உட்கார்ந்துவிடுவது. நடுவில் இடமில்லை, கிளைசின் மட்டும்தான் நுழையும் என்று கிண்டியில் போட்ட கணக்கை நினைத்துப் பாருங்கள். ஒரே ஒரு மணி மாறினாலும் கயிறு சரியாகத் திரிவதில்லை.

வைட்டமின் சி குறைந்தால் ஈறில் ரத்தம் வருவதும் இதோடு சேர்ந்த கதை. மூன்று சரங்களும் உறுதியாக நிற்க ஒரு வேதி மாற்றம் தேவை. அது நடக்க வைட்டமின் சி வேண்டும். அந்தக் காலத்தில் மாதக்கணக்கில் கடலில் போன கப்பல்காரர்கள் ஸ்கர்வி நோயில் செத்ததற்கு இதுதான் காரணம்.

ஸ்டான்லி மருத்துவமனையில் கைக்கென்றே தனி அறுவை சிகிச்சை, மறுவாழ்வுப் பிரிவு இருக்கு. மெஷினில் சிக்கியும் கத்தி பட்டும் அறுந்த விரல் தசைநாணை அங்கே தைத்து, பயிற்சி கொடுத்து, மறுபடி வேலைக்கு அனுப்புகிறார்கள். தைத்த இடத்தில் உடம்பு புதிதாகத் திரிப்பது அதே முப்புரிக் கயிறைத்தான். அது திரிந்து உறுதிப்பட வாரக்கணக்கில் ஆகும். டாக்டர் சொன்ன நாளுக்கு முன்னால் சுமை தூக்கக் கூடாது என்பதற்குக் காரணமும் அதுவே.

ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அமைப்பு தெரிந்துவிட்டது என்பதால் தேய்ந்த முட்டி ஜவ்வு திரும்ப வளர்ந்துவிடவில்லை. குருத்தெலும்பை முழுசாக மீட்டெடுக்கும் மருந்து இன்னும் வரவில்லை. அந்த ஆய்வு உலகெங்கும் நடக்கிறது. அதற்கும் பணம் வேண்டும், கருவி வேண்டும், மாதிரி வேண்டும், காத்திருக்கும் பொறுமை வேண்டும்.

அடையாற்றில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்தின் அரங்கத்துக்கு டிரிபிள் ஹெலிக்ஸ் என்றுதான் பெயர். 1950-களில் ஓர் இளம் பேராசிரியர் கங்காரு வால் கேட்டு வந்து நின்ற அதே நிறுவனம். அன்றைக்கு அவரைப் பார்த்து, இதனால் தோல் தொழிலுக்கு என்ன லாபம், வடசென்னைத் தொழிலாளிக்கு என்ன பயன் என்று கணக்குக் கேட்டுத் திருப்பி அனுப்பியிருந்தால் யாருக்கும் பதில் தெரிந்திருக்காது. பதில் வர பல வருஷம் ஆனது. மாதிரியைக் கொடுத்தவர்களும் பணத்தைக் கொடுத்தவர்களும் அதுவரை காத்திருக்கத் தயாராக இருந்தார்கள்.